முனிரத்தினம் திருடிய பொருள்

1. மேஜைமேல் வந்து விழுந்த புத்தகம்

செக்யூரிட்டி ஆபீசர் பொன்னுசாமி ஒரு திங்கட்கிழமை காலையில் என் மேஜைமேல் ஒரு சின்னப் புத்தகத்தைப் போட்டார். வைத்தார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் போட்டார். என் டீ சிந்தியது.

"தம்பி, நீ தமிழ் படிச்சவன்தானே. இதைப் படி. படிச்சிட்டு இவன் திருடனா இல்லையான்னு நீயே சொல்லு."

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு கியர் தயாரிக்கும் தொழிற்சாலையில் பர்சனல் டிபார்ட்மெண்டில் அசிஸ்டென்டாக இருந்தேன். தமிழ் பி.ஏ. படித்தவனுக்குத் தொழிற்சாலையில் என்ன வேலை என்று என் மாமனார் அப்போது எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். லீவு கார்டு, கேன்டீன் கூப்பன், சார்ஜ்ஷீட் இவைதான் என் இலக்கியம். மேனேஜ்மெண்ட் ஆட்களில் பாதிப் பேர் பெங்களூர்க்காரர்கள். ஷாப் ஃப்ளோரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். எழுத்துத் தமிழ் என்று எது வந்தாலும், கல்யாணப் பத்திரிகை உட்பட, என்னிடம்தான் அனுப்புவார்கள்.

புத்தகத்தின் பெயர் 'உலைமுகத்தில் கண்டேன்'. எழுதியவர் ஆர். முனிரத்தினம், ஹீட் ட்ரீட்மெண்ட் பிரிவு. கிருஷ்ணகிரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்தில் தன் செலவில் போட்டிருந்தார். அட்டையில் முருகன் படம். உள்ளே முருகனைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அச்சகத்தில் அந்த பிளாக்தான் மிச்சம் இருந்ததாம்.

முனிரத்தினத்தை எனக்குத் தெரியும். ஃபர்னஸ் ஆபரேட்டர், கியர்களை உலையில் பழுக்கவைத்துப் பதப்படுத்தும் வேலை. அதிகம் பேசமாட்டார். ரிட்டயர்மெண்டுக்குச் சில மாதங்களே பாக்கி. அவர் தன் ஆன்மிக அனுபவத்தை எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு பிரதிகூட விற்கவில்லை. பொன்னுசாமி கையில் இருந்தது முனிரத்தினமே கேட்டில் இலவசமாகக் கொடுத்தது.

பொன்னுசாமி பட்டாளத்தில் இருந்து வந்தவர். சந்தேகம் வந்த வரிகளுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். பாதிப் புத்தகத்துக்குக் கோடு விழுந்திருந்தது. நான் படித்த முதல் கோடு இது:

'இந்தத் தொழிற்சாலைக்குள் எனக்குச் சொந்தமில்லாத பொருள் ஒன்றைப் பல காலம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் இரவு அதை எடுத்துக்கொண்டேன். விலைமதிப்பு இல்லாத அதை வாசல் வழியாகவே கொண்டுபோனேன்.'

அடுத்த பக்கத்தில்:

'என்னுடன் ஐவர் கூட்டு. ஐவரும் கள்வர். அவர்களைத் தூங்க வைத்த பிறகுதான் எனக்குப் பொருள் கிடைத்தது.'

கடைசியாக, இரண்டு கோடு போட்ட வரி:

'வாசலில் நின்ற காவலன் கண் இருந்தும் குருடன்.'

அதைப் படித்ததும் இந்த வழக்கு எங்கிருந்து புறப்பட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

2. சிவப்பு உருண்டை, வெள்ளை உருண்டை

எங்கள் கேட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மேலே கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே வெள்ளை உருண்டைகளும் சில சிவப்பு உருண்டைகளும் கிடக்கும். ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். வெள்ளை வந்தால் மேலோட்டமாகத் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். சிவப்பு வந்தால் பக்கத்து அறைக்குப் போக வேண்டும், சாப்பாட்டு டப்பாவில் இருந்து செருப்பு வரை சோதனை. யாரையும் குறிவைத்துப் பிடித்ததாகப் பேச்சு வரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்தப் பெட்டியைப் பொன்னுசாமி பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார். தினமும் காலையில் உருண்டைகளைக் கழுவிக் காயவைப்பார்.

முனிரத்தினம் அதையும் விட்டுவைக்கவில்லை. 'அன்று அவன் எனக்கு வெள்ளை தந்தான்' என்று எழுதியிருந்தார். யார் அந்த அவன் என்பது பொன்னுசாமியின் கேள்வி. செக்யூரிட்டி கார்டுகளில் ஒருவன்தான் இவனுக்கு உடந்தை, வெள்ளை உருண்டையைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறான் என்பது அவர் முடிவு.

இது தத்துவம் சார், ஐவர் என்றால் ஐம்புலன்கள், அவன் என்றால் ஆண்டவன், பழைய பாட்டுகளில் எல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் எடுத்துச் சொன்னேன். காவலனும் நீங்கள் இல்லை, அகங்காரமாக இருக்கும் என்றேன். அதில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. கேட்டில் நிற்பது தான்தானே தவிர அகங்காரம் இல்லை என்றார்.

ஃபேக்டரி மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. பொன்னுசாமி இங்கிலீஷில் விளக்கினார். "சார், ஹி ஸ்டோல். ஹி ஒன்லி ரோட்." திருடினேன் என்று திருடினவனே அச்சடித்துக் கொடுத்த பிறகு நடவடிக்கை எடுக்காவிட்டால் நாளைக்கு ஆளாளுக்குப் புத்தகம் போடுவார்கள் என்று மேனேஜர் பயந்தார். முனிரத்தினத்தை சஸ்பெண்ட் செய்து, கம்பெனிக்குள்ளேயே நடக்கும் டொமஸ்டிக் என்கொயரி வைக்க உத்தரவு போட்டார்.

சார்ஜ்ஷீட்டை டைப் அடித்தவன் நான். 'பெயர் தெரியாத பொருள் ஒன்றை, பெயர் தெரியாத ஐந்து பேருடன் கூட்டுச் சேர்ந்து' என்று அடிக்கும்போது சிரிப்பு வந்தது. அடுத்த வரி 'நிரூபணமானால் வேலை நீக்கம்'. அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் நெருப்பு முன்னால் நின்ற மனுஷன் கடைசியில் திருடன் என்ற பெயரோடு வெளியே போவான்.

3. வழக்கு எழுத்தாளருக்குப் பிடித்துப் போனது

என்கொயரி ஆபீசர் பெங்களூரில் இருந்து வந்த வக்கீல் ராவ். கன்னடக்காரர். தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. அதனால் புத்தகம் முழுவதையும் இங்கிலீஷில் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கேன்டீனை ஒட்டிய ட்ரெய்னிங் ரூமில் விசாரணை. சாம்பார் தாளிக்கும் வாசனையில்தான் அத்தனை தத்துவமும் நடந்தது.

முதல் நாள் முனிரத்தினம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். பயந்த முகமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை முகமாக இருந்தது. புத்தகத்துக்கு 'எக்ஸிபிட் எம்-1' என்று நம்பர் போட்டபோது, தலைப்பையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். என் மொழிபெயர்ப்பை நான் படிக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

ராவ் பொறுமையான மனுஷன். நேராக விஷயத்துக்கு வந்தார். இதெல்லாம் கற்பனை, அலங்காரமாக எழுதியது, உண்மையில் எதையும் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன்.

"கற்பனை இல்லீங்க சார். நடந்தது."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார்."

பொன்னுசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன பொருள் என்று ராவ் கேட்டார். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் புத்தகம் எதுக்குங்க சார் என்றார் முனிரத்தினம். ராவ் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த அமர்வுகளும் இதே லட்சணம்தான். ஐவர் யார் என்று கேட்டால், அது படிக்கிறவங்க பக்குவத்தைப் பொறுத்தது சார் என்பார். எப்படித் தூங்க வைத்தீர்கள், மாத்திரையா என்று பொன்னுசாமி குறுக்கே கேட்டார். அதற்குப் பெரிய சாதகம் வேண்டும், நீங்கள் ஆசைப்பட்டால் தனியாகச் சொல்லித் தருகிறேன் என்று பதில் வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக நாலு பேர் உட்கார்ந்து அவர் புத்தகத்தை வரிவரியாகப் படிக்கிறார்கள். அதில் இரண்டு பேர் படித்தவர்கள். மனுஷன் அந்தச் சுகத்தில் வேலை போவதையே மறந்துவிட்டார்.

4. ஐவரைத் தேடியபோது

சார்ஜ்ஷீட்டில் உள்ள ஐந்து பேர் விஷயம் எப்படியோ ஷாப் ஃப்ளோருக்குக் கசிந்தது. கசிந்து போகும்போது கொஞ்சம் வளர்ந்தும் போனது. மூக்கண்டப்பள்ளியில் ஆட்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் போலீஸ் சோதனை போடப்போகிறது என்று பேச்சு.

ஹீட் ட்ரீட்மெண்ட் கோவிந்தப்பா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அந்த அஞ்சு பேர்ல நான் இல்லீங்க சார், எங்க அம்மா மேல சத்தியமா நான் ரெண்டு ஹேக்ஸா பிளேடு மட்டும்தாங்க என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அவர் போனதும் இன்னொருவர் வந்தார். அவர் எடுத்தது மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்ட். அதற்குப் பிறகு மெஷின் ஷாப்பில் இருந்தும் வர ஆரம்பித்தார்கள். தூங்கினேன், ஆனால் அவர் தூங்க வைக்கவில்லை, நானாகத்தான் தூங்கினேன் என்று நைட் ஷிப்டு ஆள் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். பாவமன்னிப்புக் கொடுக்கிற சாமியாராக என்னை ஆக்கிவிட்டார்கள். அதற்கு என் சம்பளத்தில் இடமில்லை.

ஒரு காலையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாமான் குவிந்து கிடந்தது. ரிங் ஸ்பேனர், மழுங்கின ட்ரில், பிளேடு, ஒரு மூட்டை காட்டன் வேஸ்ட். கேன்டீன் எவர்சில்வர் டம்ளர்கள் மட்டும் ஒரு கல்யாணத்துக்குப் போதும். கெஸ்ட் ஹவுஸ் டேபிள் ஃபேன் ஒன்றும் இருந்தது. ஹீட் ட்ரீட்மெண்ட் ஆட்கள் யாரும் கெஸ்ட் ஹவுஸ் பக்கம் போனதே கிடையாது. அங்கே தங்குகிறவர்கள் ஆபீசர்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இத்தனை வருஷம் உருண்டைப் பெட்டி பிடிக்காததைப் புத்தகம் பிடித்துக் கொடுத்துவிட்டது, இனி முனிரத்தினத்தை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். பொன்னுசாமி குவியலை டிராலியில் ஏற்றி நேராக விசாரணை அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், பொருள் என்னன்னு கேட்டீங்களே. இதோ பொருள். கூட்டாளிங்க பயந்துபோய்த் திருப்பிப் போட்டுட்டாங்க."

முதல்முறையாக ராவ் முகம் மாறியது. இதுவரை பொருள் இல்லாத திருட்டு. இப்போது கண்முன்னால் ஒரு டிராலி பொருள் நிற்கிறது, எடுத்தேன் என்று வாயால் சொன்ன ஆளும் நிற்கிறான். முனிரத்தினத்துக்கு வேலை போவது நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முனிரத்தினம் எழுந்து டிராலியிடம் போனார். ஒரு டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துபோனது.

"இந்த டம்ளருக்கா சார் நான் அத்தனை பக்கம் எழுதினேன்? இதுக்கு நீங்க என்னை டிஸ்மிஸ் பண்ணாலும் பரவாயில்ல, புஸ்தகத்த இவ்வளவு கேவலமா படிக்காதீங்க."

கோபத்தில் டம்ளரை டிராலிக்குள் போட்ட வேகத்தில் அது துள்ளிப் பொன்னுசாமியின் காலடிக்குப் போனது. ராவ் அடுத்த தேதியைக் குறித்தார். அன்றைக்கு வேறு சாட்சி எதுவும் இல்லையென்றால் விசாரணையை முடித்து அறிக்கை எழுதிவிடுவேன் என்றார்.

5. மத்திகிரி வீடு

சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து மத்திகிரிக்குப் போனேன். பர்சனல் டிபார்ட்மெண்ட் ஆள் இப்படி ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போவது முறையில்லை. தெரிந்துதான் போனேன். நடையாய் நடந்தாவது அவர் வாயில் இருந்து 'கற்பனை' என்ற ஒரு வார்த்தையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அவர் மசியவில்லை. பொய் சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்டால், அந்தப் பொருள் கையை விட்டுப் போய்விடும் என்றார். சரி, அது என்ன என்று எனக்காவது சொல்லுங்கள் என்றேன். நாலாவது அத்தியாயத்தை மறுபடி படிங்க சார் என்றார். அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம் போல இருந்தது.

அவர் கொல்லைப்புறம் போனதும் அவர் மனைவி எல்லம்மா காபி கொண்டுவந்தார். டம்ளரை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து நீட்டினார். தட்டு முழுக்க ஒடுக்கு. கீழே வைத்தால் ஒரு பக்கம் ஆடியது. அலமாரியில் இருந்த மற்றத் தட்டுகளும் அதே லட்சணம்தான்.

"அப்பிடி இன்னாதாங்க எழுதியிருக்காரு? ஊடு பூரா அந்தப் புஸ்தகமாக் கெடக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது. கேட்டா பக்குவம் வேணும்ன்றாரு."

நாலாவது அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். நைட் ஷிப்டில் ஃபர்னஸ் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றது, இரும்பு பழுத்து அடங்கியது, உள்ளே எரிந்துகொண்டிருந்த ஒன்று அதோடு சேர்ந்து அடங்கியது, அங்கிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வீடு வந்தது. எல்லம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். முடிந்ததும், இதுக்கா வேலைய விட்டுத் தூக்கறாங்க என்று மட்டும் கேட்டார். காபி ஆறுவதைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

6. சாட்சி

கடைசி நாள் விசாரணைக்கு எல்லம்மா வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. முனிரத்தினத்துக்கே தெரியாது. நீ எதுக்கு வந்தே என்று பல்லைக் கடித்தார். சார்ஜ்ஷீட் வாங்கியவர் தரப்பில் சாட்சி சொல்லலாம் என்று நான் அவசரமாக ராவிடம் சொன்னேன். நிர்வாகத்தின் ஆளாகிய நான் அதைச் சொன்னதைப் பொன்னுசாமி குறித்துக்கொண்டார்.

ராவ் தன் கொச்சைத் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, உங்க யஜமானரு, வீட்டுக்காரரு, கம்பெனியிலேருந்து வீட்டுக்கு ஏதாவது பொருளு கொண்டு வந்தாரா?"

"கொண்டு வந்தாருங்க."

என் பேனா நின்றது. முனிரத்தினமே திடுக்கிட்டுத் திரும்பினார். பொன்னுசாமி மட்டும் தலையை ஆட்டினார்.

"என்ன பொருளு?"

"பேரு தெரியாதுங்க ஐயா. அதுக்கு முந்தி இவரு ஷிப்டு முடிஞ்சு வர்ற சைக்கிள் சத்தம் கேட்டாலே புள்ளைங்க பக்கத்து ஊட்டுக்கு ஓடிருங்க. சோத்துல ஒரு கல்லு இருந்தாப் போதும், தட்டு பறக்கும். எங்க ஊட்ல ஒரு தட்டாச்சும் நேரா உக்காராது, வேணும்னா வந்து பாருங்க. ஒரு நாளு நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தாரு. அன்னிக்கின்னு பாத்து நான் கொழம்புல உப்பே போடல. வாயில வச்சப்புறம்தான் எனக்கு நெனப்பு வந்துது. நான் செவுரு ஓரமா ஒதுங்கிட்டேன். இவரு ஒண்ணுஞ் சொல்லல. சாப்ட்டாரு. தட்டக் கழுவிக் கவுத்து வச்சாரு. ஒடம்புக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு பயந்துட்டேங்க. அன்னையிலேருந்து இன்னிய வரிக்கும் எங்க ஊட்ல தட்டு பறக்கல."

கேன்டீனில் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு மேல் எல்லம்மா தொடர்ந்தார்.

"அது இங்கேருந்துதான் எடுத்தாருன்னு எழுதியிருக்காராமே. இருக்கும். உங்க கம்பெனி பொருளாவே இருக்கட்டும். ஆனா திருப்பிக் கேக்காதீங்க ஐயா. நான் குடுக்க மாட்டேன்."

எத்தனை ராத்திரி கண்விழித்து அகராதி புரட்டி மொழிபெயர்த்தேன்! அந்த நாலாவது அத்தியாயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிராலியைப் பார்த்தார். இங்கே ஒரு டிராலி பொருளுக்குத் திருடன் இல்லை, ஒரு திருடனுக்குப் பொருள் இல்லை, இரண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வைக்க என்னால் முடியாது என்று பொன்னுசாமியிடம் சொன்னார். எல்லம்மா வெளியே போகும்போது பொன்னுசாமிதான் கேட் வரைக்கும் கூடவே போய், கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

முனிரத்தினத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. என்னைத் தனியாக அழைத்து, அவள் சொன்னது மேலோட்டமான பொருள்தான், நாலாவது அத்தியாயத்துக்கு இன்னும் இரண்டு உள்ளர்த்தம் இருக்கிறது, அதையும் ரெக்கார்டில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். குழம்பில் உப்பில்லாத சங்கதியை நான் எழுதவே இல்லையே, அது எப்படி விட்டுப்போனது என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டும் நின்றார்.

7. அறிக்கை

ராவின் அறிக்கையை டைப் அடித்ததும் நான்தான். பத்தி பத்தியாகச் சட்டம் பேசிவிட்டுக் கடைசியில் குற்றம் நிரூபணமாகவில்லை என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே ஒரு குறிப்பு: 'மேற்படி பொருள் தொழிலாளியின் வீட்டில் நல்ல நிலையில் உபயோகத்தில் இருப்பதாக சாட்சியத்தில் இருந்து தெரிகிறது. அதைத் திரும்பப் பெறும்படி நிர்வாகத்துக்குப் பரிந்துரை செய்யவில்லை.' மேனேஜர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டேபிள் ஃபேன் கெஸ்ட் ஹவுஸுக்கே திரும்பப் போனது.

முனிரத்தினம் ரிட்டயர் ஆன நாளில் மாலை போட்டு கேட் வரை அழைத்து வந்தோம். ரிட்டயர் ஆகிறவர்களுக்குச் சோதனை கிடையாது. வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை, பெட்டிக்குள் கையை விட்டார். சிவப்பு வந்தது. பொன்னுசாமி அறைக்கு அழைத்துப் போய் முறைப்படி சோதனை போட்டு, ஒன்றும் அகப்படவில்லை என்று வெளியே அனுப்பினார். அப்புறம் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, அந்தப் புத்தகம் இன்னொண்ணு கிடைக்குமா தம்பி, ஊட்ல கேக்கறாங்க என்றார்.

இப்போதும் யாராவது ஆன்மிக அனுபவம் என்று எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் அபிப்பிராயம் கேட்டு வருகிறார்கள். உலை, பாம்பு, தாமரை, ஒன்பது வாசல் எல்லாம் இருக்கும். அதற்கெல்லாம் பொருள் சொல்வதை நான் விட்டுவிட்டேன். புத்தகத்தை வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டு, உங்க வீட்டம்மாவை ஒரு தடவை அழைச்சிட்டு வாங்களேன், ரெண்டு வார்த்தை கேக்கணும் என்பேன். பெரும்பாலானவர்கள் திரும்பி வருவதில்லை.